மானுக்கு ஒரு சீட்டு

போன மாதம் இந்தப் பகுதியில் வனவிலங்குச் சட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானைப் பற்றித்தான். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பார்த்துப் பதறிப்போன அம்மாக்கள், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தவர்கள், அப்பாரு காலத்துக் கொம்பை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சத்தி, கோபி கோர்ட்டுகளில் வன வழக்குகளைப் பல வருஷம் நடத்தியவன் நான். மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போனபோது அந்த ஊர் வேட்டை முறையையும் கிட்ட இருந்து பார்த்தேன். அதனால் இந்த மாதம் மான் கேள்விகள் மட்டும்.

என் மகன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், எச்1பி விசா. போன நவம்பரில் ஒரு மானைச் சுட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். கேட்டால் ‘லைசென்ஸ் இருக்குதும்மா, டேக்கும் கட்டிட்டேன்’ என்கிறான். மானைச் சுட லைசென்ஸ் கூடத் தருவார்களா? டேக் என்றால் என்ன? அவனுக்கு ஏதாவது வம்பு வந்துவிடுமா?
— வாசகி, பெருந்துறை

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. லைசென்ஸ் வாங்கி, சீசனில், டேக் கட்டிச் சுட்டிருந்தால் அது அங்கே குற்றம் இல்லை. நம் சட்டம் அங்கே செல்லாது, அவர்கள் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அவன் விசாவில் இருப்பதால் ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து அவனுக்கே அதைப் படித்துக் காட்டுங்கள்.

லைசென்ஸும் டேக்கும் வேறு வேறு. ரேஷன் கார்டு கையில் இருப்பதால் மட்டும் கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் அரிசி கேட்க முடியாது அல்லவா, இந்த மாதத்துக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. அது மாதிரி, லைசென்ஸ் என்பது ‘இவர் வேட்டைக்குப் போகலாம்’ என்ற அனுமதி. டேக் என்பது ‘இவர் ஒரு மானை எடுக்கலாம்’ என்ற சீட்டு. ஒரு மானுக்கு ஒரு சீட்டு. சீட்டு தீர்ந்துவிட்டால் லைசென்ஸில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தாலும் அந்த ஆளுக்கு அந்த வருஷம் மான் வேட்டை முடிந்தது.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் விதி போடுவது மாநில அரசு. 50 மாநிலம், 50 விதி. டெக்சாஸில் லைசென்ஸ் வருஷம் செப்டம்பர் 1 தொடங்கி ஆகஸ்ட் 31 வரை. பொதுவான துப்பாக்கி சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒருவர் அதிகபட்சம் 5 வெள்ளைவால் மான் எடுக்கலாம், அதில் கொம்புள்ள கிடா (ஆண் மான்) 3க்கு மேல் போகக் கூடாது. இதுவும் மாநிலம் முழுவதற்குமான மேல்வரம்புதான். அங்கே 254 கவுண்டிகள் (மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்), சில கவுண்டிகளில் ஒரே ஒரு கிடாதான் என்று இருக்கும், சில இடங்களில் கொம்பின் உள்அகலம் 13 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுட வேண்டும். இளங்கிடாக்கள் வளரட்டும் என்பதற்காக வைத்த விதி அது. சூரியன் உதிக்க அரைமணி முன்னாலிருந்து மறைந்து அரைமணி வரைதான் சுடலாம். ராத்திரி டார்ச் அடித்து, கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுகிற வேலை அங்கேயும் குற்றம்தான்.

டேக் கட்டுவதை நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், அறுபது வயசு இருக்கும், நல்ல குளிர் காலை நேரம். மான் விழுந்த இடத்துக்குப் போய் அது செத்துவிட்டதா என்று உறுதி செய்தார். அப்புறம் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸ் காகிதத்தை எடுத்தார். அதில் ஒரு ஓரமாக டேக்குகள் அச்சடித்திருக்கும், அதில் ஒன்றைக் கிழித்தார். டேக்கில் மாதம், தேதி எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறது. பேனாக் கத்தியின் முனையால் அந்த மாதத்தையும் அந்தத் தேதியையும் மட்டும் சிறு சதுரமாக வெட்டி எடுத்தார். பேனாவால் வட்டம் போட்டால் செல்லாது, வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். எந்தப் பண்ணை, எந்தக் கவுண்டி என்று எழுதி, ஒரு நூல் கயிற்றில் கோத்துக் கொம்பில் கட்டினார். கை நடுங்குகிற குளிரில் அந்த மனிதர் அந்த முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அது முடிந்த பிறகுதான் மானை நகர்த்தினார்கள். லைசென்ஸின் பின்புறம் ஒரு பதிவுப் பட்டியல் இருக்கிறது, அதையும் அங்கேயே நிரப்பினார்.

நம் வீட்டு மாட்டுக்குக் கால்நடை மருந்தகத்தில் காதில் மஞ்சள் வில்லை போடுகிறார்களே, நான் முதலில் இதையும் அது மாதிரி என்றுதான் நினைத்தேன். மாட்டு வில்லை உயிரோடு இருப்பதை எண்ணுகிறது, இது போன உயிரை எண்ணுகிறது. கறி பக்குவம் ஆகி வீடு சேரும் வரை அந்தச் சீட்டு கூடவே இருக்க வேண்டும். கறியில் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தால், யார் சுட்டது, லைசென்ஸ் எண், என்றைக்கு, எங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும் கூடவே போக வேண்டும். இப்போது மொபைலிலேயே லைசென்ஸ் வைத்துக்கொள்கிற முறையும் வந்துவிட்டது, அதை எடுத்தவர்கள் சுட்ட உடனே செயலியில் பதிய வேண்டும். கறியை விற்க மட்டும் எந்த வழியும் இல்லை. காட்டு மான் கறியை விற்றால் குற்றம். அங்கே ஓட்டலில் மான் கறி கிடைக்கிறது என்றால் அது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தது.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அவர்கள் பட்ட அடி. நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கணக்கு வழக்கு இல்லாமல் சுட்டு, கறியைச் சந்தைக்கு விற்று, அந்த நாடு முழுவதும் வெள்ளைவால் மான் சில லட்சம் என்கிற அளவுக்கு வற்றிப்போனது. 1900இல் லேசி சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகச் சுட்டதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனாலே மத்திய அரசுக் குற்றம் என்று ஆக்கினார்கள். 1937இல் பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வந்து, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்குகிற வரிப் பணத்தை வனவிலங்குக்கே செலவழிக்க வழி செய்தது. இன்றைக்கு அங்கே கோடிக்கணக்கில் மான் திரிகிறது. அந்தக் கயிறு கட்டிய காகிதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். எத்தனை செத்தது என்று தெரிந்தால்தானே அடுத்த வருஷம் எத்தனை சீட்டு அடிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

இனி உங்கள் மகன் விஷயம். எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். அதற்கு இருக்கிற சில விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆக அவனுக்கு அந்த லைசென்ஸ் மானுக்கு மட்டும் அனுமதி இல்லை, துப்பாக்கியைத் தொடுவதற்கே அதுதான் அனுமதி. ஆகஸ்ட் 31 முடிந்து, செப்டம்பரில் புதுப்பிக்க மறந்து, ஒரு நண்பன் கூப்பிட்டான் என்று துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் சிக்கல்தான். வழக்கு என்று வந்துவிட்டால் வேலை, விசா, கிரீன் கார்டு எல்லாம் அதோடு போய்விடும். ‘சீசன்தான் முடிஞ்சிருச்சே, எதுக்கு லைசென்ஸ்’ என்று அவன் நினைக்கவே கூடாது. துப்பாக்கி வீட்டில் இருக்கிற வரைக்கும் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். துப்பாக்கி பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனி விதி வைத்திருக்கிறது, வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் அதையும் பார்க்கட்டும்.

நான் முதுநிலைப் படிப்புக்கு விஸ்கான்சின் போகிறேன். அங்கே இருக்கிற சீனியர் அண்ணன் ஒருவர், ‘லைசென்ஸெல்லாம் வேண்டாம், என் டேக்கிலேயே நீ ஒன்று சுட்டுக்கொள்ளலாம்’ என்கிறார். இது சரியா?
— வாசகர், கோவை

வேண்டாம் தம்பி. மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன விசா விஷயம் உனக்கும் அப்படியே பொருந்தும். லைசென்ஸ் இல்லாமல் நீ துப்பாக்கியைத் தொட்டாலே தப்பு, டேக்கைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அந்த அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. பொதுவாக டேக் என்பது அதில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான். டெக்சாஸில் இன்னொருவர் டேக்கை உபயோகித்தால் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் மீதும் வழக்கு வரும். ஆனால் விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஒருவர் சுட்டதை அதே குழுவில் இருக்கிற இன்னொருவரின் கணக்கில் வைக்கலாம். ஆனால் அப்போது இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும், இரண்டு பேரும் கண்ணுக்கோ குரலுக்கோ எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், போனில் பேசிக்கொண்டதெல்லாம் கணக்கில் சேராது. லைசென்ஸே இல்லாத ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் முறையாகப் போ. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் காட்டினால்தான் லைசென்ஸ் (டெக்சாஸில் இந்தத் தேதி 1971 செப்டம்பர் 2). அந்த வகுப்பு நல்ல வகுப்பு. சுடுகிற வித்தையை விட, எப்போது சுடக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொல்லிக் கொடுப்பார்கள். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது, வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிட வேண்டும், இப்படி. அங்கே பெரிய துப்பாக்கி சீசன் 9 நாள், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு (நவம்பர் நாலாம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த நாட்களில் வேட்டைக்குப் போனால் இடுப்புக்கு மேலே உடுத்துவதில் பாதிக்கு மேல் பளீரென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். வேட்டைக்கே போகாமல் சும்மா காட்டுப் பாதையில் நடக்கப் போனால்கூட அந்த நாட்களில் ஆரஞ்சுத் தொப்பி ஒன்று போட்டுக்கொள், பெற்றவர்கள் இங்கே நிம்மதியாக இருப்பார்கள்.

டேக் முறையும் அங்கே கொஞ்சம் வேறு. டெக்சாஸ் மாதிரி கொம்பில் காகிதம் கட்டச் சொல்வதில்லை. ஆனால் மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ போனிலோ பதிவு செய்தாக வேண்டும். கொம்பில்லாத பெண் மானுக்குத் தனி அனுமதிச் சீட்டு, எந்தக் கவுண்டியில், அரசு நிலமா தனியார் நிலமா என்பது வரை அதில் போட்டிருக்கும். ஒரு மாநிலத்தில் படித்த பாடத்தை அடுத்த மாநிலத்தில் அப்படியே ஒப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தந்த மாநில இயற்கை வளத்துறை விதிப் புத்தகம் போடுகிறது, இலவசம்தான், லைசென்ஸ் எடுக்கும்போது அதையும் எடுத்துப் படி.

புளியம்பட்டி தாண்டி எங்க தோட்டம். சோளம் விதைத்தால் மான், கடலை போட்டால் பன்றி. அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுக்கிறான், டேக் கொடுக்கிறான், இங்கே என் காட்டுக்குள் வந்து என் பயிரைத் தின்கிற மானை நான் விரட்டினால்கூட கேஸ் என்கிறார்கள். எங்களுக்கும் ஒரு லைசென்ஸ் கொடுத்தால் என்ன? என் நிலத்தில் இருக்கிற மான் எனக்குச் சொந்தம் இல்லையா?
— விவசாயி ஒருவர்

அண்ணா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. விதை, உழவுக் கூலி, களை என்று எல்லாம் போட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போனால் எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்திலும் பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உங்கள் நிலத்தில் நிற்கிற மான் உங்களுக்குச் சொந்தம் இல்லை, அமெரிக்காவிலும் அப்படித்தான். டெக்சாஸில் ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கிற பண்ணைக்காரர்கூட தன் நிலத்து மானைச் சுட லைசென்ஸ் வாங்கி, டேக் கட்டித்தான் ஆக வேண்டும். நிலத்துக்குள் யாரை விடுவது என்பது மட்டும் அவர் இஷ்டம். இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரின (பாதுகாப்பு) சட்டத்தின் 39ஆம் பிரிவு, சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கும், செத்துக் கிடக்கிற விலங்கும், அதன் கறி, கொம்பு எல்லாமும் அரசுச் சொத்து என்கிறது.

லைசென்ஸ் விஷயம். நம் பக்கத்தில் லைசென்ஸே இருந்ததில்லை என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியில்லை. நமக்கு மேலே இருக்கிற நீலகிரியில் 1877இலேயே வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. சீசன், லைசென்ஸ், கட்டணம் எல்லாம் அப்போதே உண்டு. 1972 சட்டம் வந்தபோதும் அதில் நாலு வகை லைசென்ஸ் இருந்தது: சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, அப்புறம் பொறி வைத்துப் பிடிப்பதற்கு ஒன்று. சுட்டதற்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. 1991இல் சட்டத்தைத் திருத்தி அந்த லைசென்ஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஒரு சீட்டை வைத்து நாலு மான் போய்க்கொண்டிருந்தால் சீட்டுக்கு என்ன அர்த்தம்? லைசென்ஸ் முறை நடக்க வேண்டும் என்றால் காட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ண ஆள் வேண்டும், செத்ததைப் பதிய ஆள் வேண்டும், ஏமாற்றினால் பிடிக்க ஆள் வேண்டும். அந்த மூன்றும் இல்லாத இடத்தில் லைசென்ஸ் கொடுப்பது மானை ஏலம் விடுவதற்குச் சமம். 1991இல் எடுத்தது சரியான முடிவு என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

இன்றைக்கு நிலைமை என்னவென்றால் சுடுவது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, நாய் விட்டுத் துரத்துவது எல்லாமே சட்டத்தில் ‘வேட்டை’தான். முயற்சி செய்தாலும் வேட்டைதான். மோயாற்றுப் பக்கம் இருக்கிற வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொட்டால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் எந்த விலங்காக இருந்தாலும் இதே தண்டனை. சத்தி, ஆனைமலைப் புலிகள் காப்பகங்களை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லைக்கல் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. புள்ளிமான் இரண்டாம் பட்டியல், வெளியில் அடித்தாலும் 3 வருஷம் வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கேளையாடு என்று பேரில் ஆடு இருப்பதால் ‘அது ஆடுதானுங்களே’ என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. அதுவும் மான் இனம்தான்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 11ஆம் பிரிவில், இரண்டாம் பட்டியல் விலங்கு நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ காரணத்தைக் காட்டி எழுத்து மூலம் உத்தரவு போடலாம். எழுத்து மூலம் என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபாரஸ்ட்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னாருங்க’ என்று கோர்ட்டில் நின்றால் எதுவும் எடுபடாது. பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு வெளியே என்றால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் எங்கும் இல்லை.

பயிர் சேதமானால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், குளம்புத் தடம், கடித்த தட்டை எல்லாம் தெரிகிற மாதிரி. சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான். இழப்பீடு பட்ட நஷ்டத்துக்கு ஈடாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனுக்கள் சேர்ந்தால்தான் இந்தக் கிராமத்தில் இத்தனை சேதம் என்று அரசுக் கணக்கில் ஏறும், பன்றிக்கு அந்த முறை வந்ததும் விவசாயிகள் விடாமல் கேட்டதால்தான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வேலியில் நேரடியாகக் கரண்ட் விடாதீர்கள், அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கிற உருண்டை) வைக்காதீர்கள், க்ளட்ச் ஒயரில் கண்ணி கட்டாதீர்கள். பர்கூர் மலையடிவாரத்தில் ஒரு வழக்குக்காக இடம் பார்க்கப் போயிருந்தபோது கண்ணியில் மாட்டிய பெண் புள்ளிமான் ஒன்றைப் பார்த்தேன். அந்த மெல்லிய கம்பி கழுத்துத் தோலுக்குள் போய் வெளியில் தெரியவே இல்லை. அது சுற்றிச் சுற்றி வந்ததில் கட்டியிருந்த வேலாமரத்தின் பட்டை வட்டமாக உரிந்து, கீழே மண் உழுத மாதிரி இருந்தது. மடியில் பால் இருந்தது. கண்ணி வைத்தவர் பன்றிக்குத்தான் வைத்தாராம், அவரும் கோர்ட்டில் அழுதார். சோலார் வேலி போடுங்கள், ஆனால் 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொண்டு போடுங்கள்.

எங்கள் வீட்டு ஆசாரத்தில் அப்பாரு காலத்து மான் கொம்பு ஒன்று மாட்டியிருக்கிறது. அப்போது லைசென்ஸோடு சுட்டது என்று சொல்வார்கள். வைத்திருக்கலாமா? ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார்.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

விற்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள், கேட்டவரையும் வீட்டுப் பக்கம் சேர்க்காதீர்கள். கொம்பு வியாபாரம் தெளிவான குற்றம், வாங்குகிறவர் தப்பித்துக்கொண்டு விற்றவர் மாட்டுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வைத்திருப்பது சரியா என்பது ஒரு காகிதத்தைப் பொறுத்தது. சுட்டபோது லைசென்ஸ் இருந்தது என்பது சுட்டதற்குத்தான் பதில். கொம்பை இன்றைக்கு வைத்திருப்பதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1972 சட்டம் வந்தபோதே இப்படிப் பொருள் வைத்திருப்பவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொன்னார்கள். பலரும் விட்டுவிட்டதால் 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்து இன்னொரு வாய்ப்பும் தந்தார்கள். அப்பாரு அல்லது அப்பா பெயரில் தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று பழைய டிரங்குப் பெட்டியில், பத்திரங்களோடு, துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தோடு தேடிப் பாருங்கள். அந்தக் காலத்து ஆட்கள் இதையெல்லாம் ஒரே மஞ்சப்பையில் போட்டு வைத்திருப்பார்கள். இருந்தால், வாரிசாக உங்களுக்கு வந்ததை 90 நாளுக்குள் அறிவித்திருக்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் வக்கீலை வைத்து மனுப் போடுங்கள், மூடி மறைப்பதை விட அது மேல்.

சான்றிதழே இல்லை என்றால் கொம்பைப் பொட்டலம் கட்டி அட்டாலியில் ஒளிப்பது, கிணற்றில் போடுவது இரண்டும் வேண்டாம். ஒரு வக்கீலோடு மாவட்ட வன அலுவலகம் போய், பரம்பரையாக வீட்டில் இருந்தது என்று எழுதிக் கொடுத்து ஒப்படைப்பது நல்லது. மனசு கேட்காதுதான், அப்பாரு ஞாபகம். அதன் முன்னால் நின்று ஒரு குடும்ப போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன், வேண்டாம், அந்தப் போட்டோவும் முகநூலில் ஏறி வேறு வினையாகும்.

பண்ணாரி ரோட்டில் வண்டியில் மான் அடிபட்டுச் செத்தால் கறியை எடுத்துக்கொள்ளலாமா? செத்ததுதானே? அமெரிக்காவில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்களே.
— வாசகர், சத்தியமங்கலம்

அங்கேயும் எல்லா மாநிலத்திலும் முடியாது. முடிகிற இடத்திலும் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. பென்சில்வேனியாவில் 24 மணி நேரத்துக்குள் வேட்டைத் துறைக்குச் சொல்லி அனுமதி எண் வாங்க வேண்டும். அங்கும் ஒரு மானுக்கு ஒரு கணக்கு.

இங்கே எடுக்கவே கூடாது. செத்த மானும் அரசுச் சொத்து என்று மேலே சொன்னேன். அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ சொல்ல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் 48 மணியெல்லாம் காத்திருக்க வேண்டாம், அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, பக்கத்துச் செக்போஸ்ட்டில் சொல்லிவிடுங்கள். ‘சொன்னால் நம்மைப் பிடித்துக்கொள்வார்களே’ என்ற பயத்தில்தான் பலர் ஓடுகிறார்கள். தானாக வந்து சொன்னவரைப் பெரும்பாலும் விபத்தாகத்தான் பார்ப்பார்கள், டிக்கியில் கறியோடு பிடிபட்டவரை அப்படிப் பார்க்க வழியில்லை, வண்டியும் பறிமுதல் ஆகும்.

அடிபட்டு உயிரோடு கிடந்தால் தூக்கி மடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மனிதர் கை பட்டால் மான் பயத்திலேயே செத்துப்போகலாம். தூரமாக நின்று மற்ற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லி, வனத்துறை வரும் வரை நில்லுங்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து கோர்ட் உத்தரவுப்படி ராத்திரிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியிருப்பதும் இந்தச் சாவுகளால்தான். செக்போஸ்ட்டில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மகள் டென்வரில் இருந்து வரும்போது மாப்பிள்ளை சுட்ட மானின் கொம்பையும் கொஞ்சம் உப்புக்கண்டமும் கொண்டுவரலாமா என்று கேட்கிறாள். அங்கே டேக் எல்லாம் கட்டியதுதானாம்.
— வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த டேக் டென்வர் இருக்கிற கொலராடோ மாநிலத்துக்குத்தான் கணக்குச் சொல்லும், கோவை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு அது வெறும் காகிதம். கறிக்கு நம் அரசின் கால்நடைத் துறை இறக்குமதி அனுமதி வேண்டும், பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள் யாரும் அதை வாங்குவதில்லை. கொம்பைப் பிடித்தால் இது இந்திய மானா அமெரிக்க மானா என்று நிரூபிக்கும் வரை அலைய வேண்டும், அலைவது நீங்களும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. கொலராடோவில் 1967இல் மான்களிடம் முதன்முதலாக ஒரு மெலிவு நோய் தெரிந்தது, மூளையைத் தாக்குவது, மருந்து இல்லை. அதனால் அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மானின் தலை, தண்டுவடம் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. மனிதருக்கு அது வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் கண்ட மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். மாப்பிள்ளை தன் மானைப் பரிசோதனைக்குக் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கறி இன்னும் ஃப்ரீசரில் இருக்கும்போதே மாநில வனவிலங்குத் துறையிடம் அதற்கு என்ன வழி என்று அவரே கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.